பன்னிரண்டாவது கட்டம்

நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை நகர ரயில் நிர்வாகம் காலை பத்தரை மணிக்கு வெளியிட்டது. பத்து நாற்பதுக்குள் அண்ணி அதை மூன்று முறை கேட்டு முடித்திருந்தாள்.

அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ள எழுத்தை அவளுக்கு வாசித்துச் சொல்வது கைபேசியில் இருக்கும் ஒரு குரல். அவள் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்கள் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும். அவளுக்கு அது பேச்சு.

ஒலிப்பதிவுக் கூடம் மூடப்பட்டு ஏழு மாதம் வீட்டில் இருந்தவள், சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து, யாரையும் பக்கத்தில் வரவிடாமல் இரண்டு மணி நேரம் செலவழித்து அந்த விண்ணப்பத்தை அனுப்பினாள் என்பது பழைய கதை. அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. ரயில் நிலையங்களில் ஒலிக்கும் அறிவிப்புகளைச் சீரமைக்கும் வேலை அது. ஒரே ஓர் இடம். பதினொரு வருடம் ஒலியைத் தொகுத்துப் பிழைத்த அண்ணி, வேலைக்குப் போன நாட்களில் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் அந்த அறிவிப்புகளைத் திட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அவளுக்காகவே யாரோ உருவாக்கிய வேலை என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

பட்டியலில் இரண்டு பகுதிகள். அழைக்கப்பட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். அழைக்கப்படாதவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், ஒவ்வொருவருக்கும் எதிரே காரணத்துடன். அண்ணியின் பெயர் இரண்டிலும் இல்லை.

"இங்க குடு, நான் பாக்கறேன்" என்று மாமியார் கைபேசியை வாங்கினார். முப்பது வருடம் மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்தவர். எந்தத் தாளையும் ஆள்காட்டி விரலை ஓட்டாமல் படிக்கமாட்டார். கடைசி வரிவரை விரல் போய்ச் சேர்ந்தது.

"இல்லதான்" என்றார்.

"அதான் சொன்னேனே அத்தை."

"நான் அன்னிக்கே சொன்னேன். கண்ணு தெரியற ஒருத்தர பக்கத்துல வெச்சுக்கோன்னு. எங்கயோ எதையோ விட்டிருப்ப."

அண்ணி கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் எதையும் விடல. ஒரு கட்டம்கூட விடல. 'கிடைத்தது, நன்றி'ன்னு பதிலும் வந்துது."

"நன்றின்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

அண்ணி கணவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, எடுக்கவில்லை. அடுத்து அவள் கூப்பிட்ட எண் வீட்டுக்கு இளையவனான கொழுந்தனுடையது. மூன்று வாரமாகக் கூப்பிடாமல் தவிர்த்த எண்.

தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. அந்த விண்ணப்பத் தளத்தைச் செய்துகொடுத்ததே அவன்தான். இணையதளங்கள் செய்வது அவன் தொழில். அதனால் மாமியார் தன் மகனை வலைக்காரன் என்று கூப்பிடுவார். விண்ணப்பிக்கப் போவதாக அண்ணி சொன்ன அன்றைக்கே அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். "இந்த விஷயத்துல நாம பேசிக்கவே வேண்டாம் அண்ணி. நாளைக்கு உங்களுக்கே வேலை கிடைச்சா, ஒருத்தரும் என்னக் காட்டிப் பேசக் கூடாது." அவளும் சரி என்றாள். இருவரும் அதைக் கடைப்பிடித்தார்கள். சாப்பாட்டு மேசையில்கூட ரயில் என்ற சொல்லை எடுக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். போன்ல வேண்டாம், நேர்ல வரேன்" என்றாள்.

*

அவன் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே இஸ்திரி இயந்திரம் பெருமூச்சு விடும்போதெல்லாம் மேலே தரை லேசாகச் சூடாகும். அண்ணி ஊன்றுகோலால் படியைத் தொட்டுத் தொட்டு ஏறினாள். மாமியார் ஓரடி பின்னால் வந்தார். முன்னால் போனால் மருமகளுக்குப் பிடிக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"ரெண்டு பட்டியல்லயும் நான் இல்ல" என்றாள் அண்ணி உட்காருவதற்கு முன்பே. "தகுதி இல்லன்னு தள்ளியிருந்தா ரெண்டாவது பட்டியல்ல இருக்கணும். அதுலயும் இல்லன்னா, நான் அனுப்பினது அவங்க கைக்கே போகல. ஏன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் செய்ய வேண்டாம்."

இளையவன் முகம் சுருங்கியது. "போகாம இருக்காது அண்ணி. இந்தத் தளம் உங்களுக்கு ஒரு கஷ்டமும் குடுக்காது. உங்கள நினைச்சுத்தான் செஞ்சேன்."

அவன் சொன்னது முழுக்க உண்மை.

போன வருடம் அண்ணி நூலக உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க முயன்றபோது, நீங்கள் மனிதர்தானா என்று கேட்டு அந்தத் தளம் ஒன்பது படங்களைக் காட்டியது. படகு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்கு மாற்றாக ஓர் ஒலி. இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆறு எண்களை முனகுவார். இரைச்சலை நீக்குவதையே தொழிலாகக் கொண்டவளுக்கும் அந்த முனகல் பிடிபடவில்லை. நான்காவது முறை தோற்றதும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் மூன்று படகுகளைத் தொட்டான். வேலை முடிந்தது. "தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் நூலகப் பக்கமே போகவில்லை என்பதை அவன் கவனித்தான். தான் செய்யும் எந்தத் தளத்திலும் படப் புதிர் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தான்.

ஆனால் காவல் இல்லாமலும் முடியாது. ரயில் நிர்வாகத்தின் பழைய தளத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறு குப்பை விண்ணப்பங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. மாத்திரை விற்பவை, பரிசு விழுந்ததாகச் சொல்பவை, எல்லாம் ரோபோ நிரல்கள் எழுதியவை. அவற்றுக்கு நடுவே புதைந்துபோன ஓர் உண்மையான விண்ணப்பத்தை ஆட்சேர்ப்பு அதிகாரி நான்கு மாதம் கழித்துக் கண்டெடுத்த கதையும் உண்டு. அதனால்தான் புதிய தளமே கேட்டார்கள்.

"புதிரும் இருக்கக் கூடாது, குப்பையும் வரக் கூடாது. எப்படி செஞ்ச?" என்று அண்ணி கேட்டாள். கேள்வியில் கோபம் இல்லை. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைக் கேட்கும் தொனி.

"அத இப்ப சொல்றது…"

"பட்டியலே வந்தாச்சு. இனிமே என்ன ரகசியம்?"

அவன் பதில் சொல்வதற்குள் மாமியார் குறுக்கிட்டார். "மொதல்ல அந்தப் படிவத்தத் தொற. இவ எங்க விட்டான்னு நான் பாக்கறேன்."

அவன் படிவத்தின் மாதிரியைத் திரையில் திறந்தான். மாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலைத் திரையிலேயே வைத்து எண்ணினார். அண்ணி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டமாகத் தாவினாள்.

"பேரு, பிறந்த தேதி, விலாசம்… பதினொண்ணு" என்றார் மாமியார். "மொத்தம் பதினொரு கட்டம்."

"பன்னெண்டு" என்றாள் அண்ணி.

"பதினொண்ணும்மா. நான் பாத்துட்டுதானே சொல்றேன்."

"பன்னெண்டு அத்தை. மின்னஞ்சலுக்கும் முன்அனுபவத்துக்கும் நடுவுல வலைத்தளம்னு ஒரு கட்டம் இருக்கு."

"ஏது? இங்க அப்படி எதுவுமே இல்லையே."

இளையவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். எழுந்தவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தான்.

"அண்ணி. அந்தக் கட்டத்துல நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"எழுதாம? வெறுமனே விட்டா 'முழுமையாக இல்லை'ன்னு தள்ளிடுவாங்களே."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு அப்படியே விரல்களுக்கு நடுவிலிருந்து விளக்கினான்.

அது ஒரு பொறி. படிவத்தில் இருக்கும், ஆனால் திரையின் விளிம்புக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியாது, தெரியாததை அவர் நிரப்பமாட்டார். ரோபோவுக்குக் கண் கிடையாது. கட்டம் என்று எதைக் கண்டாலும் நிரப்பிவிடும். ஆகவே அந்தக் கட்டம் நிரம்பி வந்தால் அனுப்பியது ரோபோ. விண்ணப்பம் நேராகக் குப்பைக்குப் போகும். மாட்டிக்கொண்டது ரோபோவுக்குத் தெரிந்துவிட்டால் வேறு வழி தேடும் என்பதால், அதற்கும் 'கிடைத்தது, நன்றி' என்றே பதில் போகும்.

"கண்ணு இல்லாதவங்க எல்லாரும் ரோபோன்னு ஆயிடுச்சு" என்றாள் அண்ணி.

"படிச்சுக் காட்டற குரலுக்கும் அந்தக் கட்டத்த மறைக்கணும். ஒரு வரி. ஒரே ஒரு வரி அண்ணி. உங்க கைல குடுத்து ஒரு தடவ ஓட்டிப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். முன்கூட்டியே உங்ககிட்ட காட்டினா தப்பாயிடும்னு…"

அவன் முடிக்கவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவன் மூடி வைத்தது, பிழையைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே காதிடமிருந்து.

மாமியார் திரையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், எதையும் எடுக்காமல் மூடினார்.

*

மணி ஒன்றே கால். பட்டியலில் திருத்தம் இருந்தால் நான்கு மணிக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பின் அடியில் இருந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்கு நேர்முகத் தேர்வு.

"உங்க அப்ளிகேஷன் குப்பைல இருக்கு, அழியல. இப்பவே எடுத்து ஆட்சேர்ப்பு மேடத்துக்கு அனுப்பறேன்" என்றான் இளையவன்.

"என்னோடத மட்டும் எடுக்காத."

"அண்ணி, நாலு மணிக்குள்ள…"

"தளத்த செஞ்சவன் கடைசி நிமிஷத்துல குப்பைலேர்ந்து ஒரே ஒரு விண்ணப்பத்த எடுக்கறான். பாத்தா அவன் அண்ணியோடது. நல்லாவா இருக்கு?" அண்ணி காதொலிப்பானைக் கழற்றினாள். "அது கிடக்கட்டும். இந்தக் குழில நான் ஒருத்தி மட்டும்தானா விழுந்திருப்பேன்? ஒலி சம்பந்தப்பட்ட வேலை. எங்க ஆளுங்க எத்தன பேரு ஆசையா அனுப்பியிருப்பாங்க. எல்லாருக்கும் நன்றின்னு பதில் வந்திருக்கும். சந்தோஷமா தூங்கியிருப்பாங்க."

"குப்பைல பதினோராயிரத்து இருநூத்தி எட்டு இருக்கு."

"இருக்கட்டும்."

"மூணு மணி நேரம்கூட இல்ல."

"அப்ப பேசிட்டு உக்காந்திருக்காத."

அவன் கை விசைப்பலகைக்குப் போனது. பாதியில் நிறுத்தி, "ஆனா நீங்க படிக்கக் கூடாதே அண்ணி. நீங்களும் போட்டில இருக்கீங்க. மத்தவங்க விவரம் உங்க காதுல விழுந்தா அது இன்னொரு தப்பு" என்றான்.

அண்ணி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது தலையைச் சற்றுச் சாய்ப்பாள், தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவள் போல.

"பேரு வேண்டாம், படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம். அந்தப் பொறிக் கட்டத்துல என்ன எழுதியிருக்காங்களோ அத மட்டும் குடு. பக்கத்துல ஒரு எண். போதும்."

"அத வெச்சு என்ன தெரியும்?"

"உன்கிட்ட ஒருத்தர் 'வலைத்தளம் இருக்கா'ன்னு கேட்டா, இல்லன்னா என்ன சொல்லுவ?"

"இல்லன்னு சொல்லுவேன்."

"ரோபோ சொல்லுமா?"

இளையவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டிருந்தார்.

குப்பையை அவன் இரண்டாகப் பிரித்தான். அந்தக் கட்டத்தில் ஏதாவது இணைய முகவரி இருந்தவை பத்தாயிரத்து ஐந்நூற்று எழுபது. ரோபோக்களின் நோக்கமே தங்கள் முகவரியை எங்கேயாவது ஒட்டிவிட்டுப் போவதுதான், ஆகவே அவற்றை ஒதுக்கினான். மிச்சம் அறுநூற்று முப்பத்தெட்டு வரிகள்.

அடுத்த அரைமணி நேரம் அந்த அறையில் நடந்ததை விவரிப்பது கொஞ்சம் கடினம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு விரல் மட்டும் அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டிருந்தது. இளையவனும் ஒரு பிரதியைத் திறந்து கண்ணால் படிக்க முயன்றான். அவன் அறுபதாவது வரியில் இருந்தபோது அவள் இருநூறைத் தாண்டியிருந்தாள். அவன் படிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும், அண்ணி வேலை செய்து அவன் பார்த்ததில்லை.

"முப்பத்தியொண்ணு, 'இல்லை'. எழுதிக்கோங்க அத்தை. எண்பத்தெட்டு, 'கிடையாது'. நூத்தி நாப்பது, 'பொருந்தாது'."

மாமியார் நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பது போல ஒவ்வோர் எண்ணையும் ஒரே உயரத்தில் எழுதினார்.

"இது மனுஷன்தானே?" என்று மகனின் திரையைக் காட்டிக் கேட்டார். "'அருமையான கட்டுரை, நிறையக் கற்றுக்கொண்டேன்'. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு."

"கட்டுரையே இல்லாத இடத்துல பாராட்டறான் அத்தை. வேலை கேட்டு வந்தவன் எதுக்குப் பாராட்டப் போறான்? இருநூத்திப் பன்னெண்டு எழுதிக்கோங்க. 'தற்போது இல்லை. தங்கை மகன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.'"

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. "பாவம், அந்தப் பையனும் எத்தன நாளா இழுத்தடிக்கறானோ."

"இருநூத்தித் தொண்ணூத்தி ஏழு. 'மன்னிக்கவும், எனக்கு வலைத்தளம் இல்லை. இது கட்டாயமா?'" அண்ணியின் விரல் ஒரு கணம் நின்றது. "கேட்டிருக்காங்க பாரு தம்பி. உன் பொறிகிட்டயே கேட்டிருக்காங்க."



நானூற்றிரண்டாவது வரிக்கு வந்ததும் அண்ணி இருமினாள். "இது நான்."

இளையவன் திரையில் தேடிப் படித்தான். "'இல்லை. தேவைப்பட்டால் தொடங்கிக்கொள்கிறேன்.'"

"என்ன சிரிக்கற? வேல வேணும்னா தொடங்க மாட்டேனா?"

கடைசி வரி முடிந்தபோது மாமியாரின் தாளில் ஒன்பது எண்கள் இருந்தன. இளையவன் அந்த ஒன்பதையும் தனியாகத் திறந்து, அண்ணிக்குக் கேட்காமல் சரிபார்த்தான். ஒன்பதும் மனிதர்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. மணி இரண்டே முக்கால்.

"ஒன்பது பேர்" என்றார் மாமியார். தாளை மடியில் வைத்து நீவினார். "அன்னிக்கு உன் பக்கத்துல நான் உக்காந்திருந்தா, பதினொண்ணுதான்னு சொல்லி அந்தக் கட்டத்த நிரப்ப விட்டிருக்க மாட்டேன். உன்னோடது போய்ச் சேர்ந்திருக்கும். மத்த எட்டுப் பேரு குப்பைல கிடக்கறது யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

மாமியாரிடமிருந்து மன்னிப்பு என்று ஒன்று வருமானால் இந்த அளவில்தான் வரும் என்பது அண்ணிக்குத் தெரியும். "டீ குடிக்கலாமா அத்தை?" என்றாள்.

*

டீ பாதி குடித்திருக்கும்போது அண்ணி கோப்பையை மேசையில் வைத்தாள்.

"தம்பி, வலைத்தளம் நிஜமாவே வெச்சிருக்கறவங்க?"

"என்ன அண்ணி?"

"எங்ககிட்ட இல்ல, அதனால இல்லன்னு எழுதினோம். இருக்கறவங்க முகவரிய எழுதியிருப்பாங்க. அவங்க அந்தப் பத்தாயிரத்துல இருப்பாங்க."

இளையவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரே தளத்தை ரோபோ ஆயிரம் முறை ஒட்டும், மனிதர் ஒருமுறைதான் எழுதுவார். திரும்பத் திரும்ப வந்த முகவரிகளை நீக்கினான். பத்தாயிரத்து ஐந்நூற்று எழுபது, நூற்று எழுபத்து மூன்றாகச் சுருங்கியது. அவற்றை அண்ணி கேட்டாள். மாத்திரைக் கடைகள், எண்களும் எழுத்துகளும் கலந்த குப்பை, செத்துப்போன முகவரிகள். ஒன்றே ஒன்றில் 'நடைமேடை ஒலி' என்ற சொற்கள் இருந்தன.

"அதத் தொற. ஊருக்கே தொறந்து வெச்ச பக்கம்தானே, நான் கேக்கறதுல தப்பில்ல."

பக்கத்தில் படம் எதுவும் இல்லை. ரயில் நிலையங்களில் பதிவுசெய்த அறிவிப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு வடிவம், உள்ளபடி ஒன்று, சீர்செய்தபின் ஒன்று. இளையவன் ஒன்றைத் தட்டினான். கரகரப்பும் எதிரொலியும் கூட்டத்தின் சத்தமுமாக ஏதோ ஒரு குரல், எந்த மொழி என்றே புரியாமல். அடுத்ததைத் தட்டினான். பதினான்கு நொடி. நடைமேடை மூன்றுக்கு வர வேண்டிய வண்டி பத்து நிமிடம் தாமதம் என்று ஒரு பெண் குரல், எதிரே நின்று சொல்வது போல.

அண்ணி அசையவில்லை. "இன்னொரு தடவ."

மறுபடி ஒலித்தது.

"எதிரொலிய முழுசா எடுக்கல பாத்தியா? கொஞ்சம் விட்டு வெச்சிருக்கார். முழுசா எடுத்தா பெட்டிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி ஆயிடும். பெரிய இடத்துல நிக்கறோம்னு காதுக்குத் தெரியணும், சொல்லும் புரியணும்." சொல்லும்போதே அவள் கை காற்றில் ஏதோ விசையை மெல்லக் குறைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு ரொம்பப் பொறுமை வேணும்."

"அண்ணி" என்றான் இளையவன் மெதுவாக. "இருக்கறது ஒரே இடம்."

"தெரியும். அந்த எண்ணச் சொல்லு. அத்தை எழுதிக்கட்டும்."

அவன் எண்ணைச் சொன்னான். மாமியாரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பட்டியலில் இல்லாத ஒருவர், குப்பையின் அடியில் யாரும் தேடாத இடத்தில் கிடப்பவர். எழுதாமல் விட்டால் இந்த மூன்று பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"எழுதுங்க அத்தை" என்றாள் அண்ணி.

மாமியார் எழுதினார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மின்னஞ்சல் போனது. இளையவன் அதில் எதையும் பூசி மெழுகவில்லை. 'நான் அமைத்த தடுப்பில் பிழை இருந்தது. அதனால் பத்து உண்மையான விண்ணப்பங்கள் குப்பையில் சேர்ந்தன. அவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அவற்றில் ஒன்று என் அண்ணனின் மனைவியுடையது. மீதி ஒன்பதைத் தேடச் சொன்னதும், பொறிக் கட்டத்தில் இருந்ததை மட்டும் கேட்டுப் பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். ஒருவருடைய பொது வலைத்தளத்தைக் கேட்டதைத் தவிர, மற்ற விவரம் எதையும் அவர் அறியவில்லை.'

"அண்ணன் மனைவிங்கறத முதல் வரிலயே போடு" என்று அண்ணி சொல்ல, அவன் அந்த வரியை மேலே ஏற்றிய பிறகுதான் அனுப்பினான்.

பதிலுக்குக் காத்திருந்தபோது, "பேசாம அந்தப் பொறியவே எடுத்துடறேன் அண்ணி. தொறந்தே கிடக்கட்டும்" என்றான்.

"தொறந்து விட்டா மறுபடி ஐந்நூறு குப்பை. அதுக்கு நடுவுல என் அப்ளிகேஷன் கிடந்தா யாரு பாப்பா? பூட்டு இருக்கட்டும் தம்பி. ஆனா, உள்ள விடலன்னா விடலன்னு சொல்லணும். நன்றி சொல்லி வாசல்ல நிக்க வெச்சா, நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டான். பிறகு நான்கு வரி மாற்றினான். படித்துக் காட்டும் குரலுக்கும் இனிப் பொறி தெரியாது. தப்பித்தவறி யாராவது அதை நிரப்பினால், 'உங்கள் விண்ணப்பத்தின் மேல் எங்களுக்கு ஒரு சந்தேகம், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று பதில் போகும். குப்பையில் எதுவும் நேராக விழாது, ஒரு மனிதர் பார்த்த பிறகுதான் விழும். அண்ணி மாதிரிப் படிவத்தை மறுபடி ஓட்டினாள்.

"பதினொண்ணு" என்றாள்.

"அதத்தான் நான் காலைலேர்ந்து சொல்றேன்" என்றார் மாமியார்.

*

நாலரைக்கு ஆட்சேர்ப்பு அதிகாரி கூப்பிட்டார். மூவரும் கேட்கும்படி இளையவன் ஒலிபெருக்கியில் போட்டு, அதை அவரிடம் சொல்லவும் செய்தான்.

"ஒன்பது பேரையும் சேர்த்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்றேன்" என்றார். கோப்பை மூடி அடுத்த கோப்பைத் திறப்பவரின் குரல். "முகவரி எழுதினவர குப்பைலேர்ந்து எடுத்தது யாரு?"

"என் அண்ணிதான் மேடம். எனக்குத் தோணவே இல்ல."

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணியோடத நான் தனியா முடிவு பண்ண முடியாது. உறவுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க, எழுதினது சரிதான். நாளைக்குக் காலைல குழு கூடினதும் மொதல் வேலையா அதப் பேசுவோம். எட்டரைக்கு வந்து வெளிய உக்காரச் சொல்லுங்க. கூப்பிடுவோம், இல்ல கூப்பிட மாட்டோம், எதுவா இருந்தாலும் நேர்ல வந்து சொல்றேன். அப்பறம், இந்தத் தளம் இனிமே உங்க கைல இருக்கறதா வேண்டாமாங்கறதும் அதே கூட்டத்துலதான்."

"சரி மேடம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இளையவன் நாற்காலியில் சரிந்தான். மாமியார் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தார். கீழே இஸ்திரி இயந்திரம் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"போகலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் அத்தை." அண்ணி காதொலிப்பானை எடுத்து மாட்டினாள். "தம்பி, அந்தப் பதினாலு செகண்ட மறுபடி போடு."

"எதுக்கு அண்ணி? அவரத்தான் சேர்த்தாச்சே."

"போடேன்."

அவன் போட்டான். அவள் அதை நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை தானாகவே பாதியில் நிறுத்தினாள். காதொலிப்பானைக் கழற்றிக் கம்பியை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தாள்.

"'தாமதம்'னு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கற சத்தம் அப்படியே நிக்குது" என்றாள். "நான் விட்டிருக்க மாட்டேன்."